குளிரில் உருவாகி வெப்பத்தில் வெளிவருபவை: இளம் விண்மீன்களைச் சூழ்ந்த கரிம மூலக்கூறுகள்

"விண்வெளியில் ஆல்கஹால்", "பிறந்துகொண்டிருக்கும் விண்மீனைச் சுற்றிச் சர்க்கரை" என்ற மாதிரித் தலைப்புகளை அடிக்கடி பார்க்கிறோம். தலைப்புக்குக் கீழே இருக்கும் கண்டுபிடிப்பு பெரும்பாலும் உண்மையானதுதான். ஆனால் படித்துவிட்டு நகர்கிறவர் மனதில் இரண்டு தவறான எண்ணங்கள் பதிந்துவிடுகின்றன. அங்கே உயிர் இருக்கிறது, அல்லது இருந்தது என்பது ஒன்று. புதிய விண்மீனின் வெப்பம்தான் இந்த மூலக்கூறுகளை உண்டாக்கியது என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தைத் திருத்தப் பலரும் முயன்றிருக்கிறார்கள். இரண்டாவது எண்ணம் அறிவியல் ஆர்வம் உள்ளவர்களிடம்கூட அப்படியே நிலைத்திருக்கிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது. உண்மையில் நடப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது, அதைவிடச் சுவையானதும்கூட.

முதலில், இவை என்ன?

கார்பன் அணுவை அடிப்படையாகக் கொண்ட, பெரும்பாலும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகளைக் கரிம மூலக்கூறுகள் என்கிறோம். உயிரினங்களின் உடல் இவற்றால் ஆனது. அதற்காக இவை உருவாக உயிர் வேண்டும் என்பதில்லை. கார்பன் அணுவால் நான்கு பிணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ள முடியும். பிரபஞ்சத்தில் ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைப்பதும் அதுதான். ஹீலியம் எதோடும் எளிதில் சேராது. ஆக, மீதியுள்ள மூன்றும் எங்கே கூடினாலும் கரிம வேதியியல் தானாகவே தொடங்கிவிடுகிறது.

சரி, "சிக்கலான" கரிம மூலக்கூறு என்றால்? வானியலில் இதற்கு எளிமையான வரையறை உண்டு: கார்பன் கொண்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்கள் உள்ள மூலக்கூறு. வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு ஆறு அணு என்பது மிகச் சிறியது. நாம் அறிந்த சர்க்கரையின் ஒரு மூலக்கூறில் 45 அணுக்கள் இருக்கின்றன. ஆனால் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் ஆறு அணுக்கள் ஒன்றுசேர்வதே பெரிய காரியம். ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட மெத்தனால்தான் இந்தக் குடும்பத்தின் மிக எளிய உறுப்பினர்களில் ஒன்று. எத்தனால், அசிட்டால்டிஹைடு, மெத்தில் ஃபார்மேட், டைமெத்தில் ஈதர், ஃபார்மமைடு, கிளைக்கோலால்டிஹைடு ஆகியவை அடுத்தடுத்து வருபவை. செய்திகளில் வரும் "ஆல்கஹால்" மெத்தனால் அல்லது எத்தனால். "சர்க்கரை" என்பது கிளைக்கோலால்டிஹைடு. எட்டே அணுக்கள் கொண்ட, சர்க்கரைகளின் மிக எளிய உறவு.

விண்வெளியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட மூலக்கூறு ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தது. அது 1937 இல். ஃபார்மால்டிஹைடு 1969 இலும் மெத்தனால் 1970 இலும் கிடைத்தன. இன்று இந்தப் பட்டியல் 300 ஐத் தாண்டிவிட்டது.

அளவையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தலைப்புகளில் அது எப்போதும் விடுபடுகிறது. இவை செழித்திருக்கும் இடங்களில்கூட, பத்து லட்சம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு மெத்தனால் சுமார் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. கிளைக்கோலால்டிஹைடு அந்த மெத்தனாலிலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேகம் மிகப் பெரியது என்பதால்தான் மொத்தக் கணக்கு மலைக்க வைக்கிறது.

அலமாரியில் ஓர் அந்துருண்டை

துணி அலமாரியில் போடும் நாப்தலீன் அந்துருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நாளில் அதன் நெடி லேசாகத்தான் வரும். வெப்பம் ஏறிய நாளில் கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும். வெப்பம் அந்த நெடியைப் புதிதாக உண்டாக்கவில்லை. நாப்தலீன் மூலக்கூறுகள் உருண்டைக்குள் முன்பே இருந்தன. சூடு கூடியதும் திடநிலையிலிருந்து நேராக வாயுவாகிப் பரவின. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். உருண்டையைப் பார்க்க முடியாமல் மூக்கை மட்டும் நம்பியிருந்தால், நாப்தலீனைச் செய்ததே வெயில்தான் என்று முடிவுகட்டிவிடுவோம்.

வானியலாளர்களின் நிலையும் இதுதான். ரேடியோ தொலைநோக்கிக்கு வாயுவாக மிதக்கும் மூலக்கூறுகள்தான் தெரியும். பனிக்கட்டிக்குள் உறைந்தவை தெரியாது. புதிய விண்மீனுக்கு அருகே இவை திடீரெனக் கண்ணில் படுவதற்குக் காரணம் அந்தப் பனி ஆவியானதுதான். (நாப்தலீனுக்கும் விண்வெளிக்கும் நேரடித் தொடர்பே உண்டு. அதனோடு ஒரு நைட்ரஜன் தொகுதி சேர்ந்த சயனோநாப்தலீன், டாரஸ் பகுதியின் இருண்ட மேகம் ஒன்றில் இருப்பது 2021 இல் அறிவிக்கப்பட்டது.)

இருட்டும் குளிருமான தொழிற்கூடம்

விண்மீன்கள் மூலக்கூற்று மேகங்களில் பிறக்கின்றன. பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயுவாலும், எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு தூசாலும் ஆன, பரந்த, இருண்ட மேகங்கள் இவை. இவற்றின் அடர்ந்த பகுதிகளில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆக, மேகத்தின் "அடர்ந்த" பகுதி என்பதே நமக்கு வெற்றிடம். வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்.

இவ்வளவு விரிந்தும் குளிர்ந்தும் கிடக்கும் வாயுவில் இரண்டு அணுக்கள் சந்திப்பதே அரிது. சந்தித்தாலும் சேர்வது கடினம். சேரும்போது வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்த வேகத்திலேயே பிரிந்துவிடும். இந்த இரண்டு சிக்கல்களையும் தூசு தீர்த்துவைக்கிறது.

ஒரு தூசுத் துகள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சிலிக்கேட்டாலும் கார்பனாலும் ஆனது. அதன் மேல் வந்து மோதும் அணுக்கள் குளிரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று வந்து ஒட்டிக் காத்திருக்கும். அப்புறம் இன்னொன்று வரும். ஒரு துகளின் மீது ஹைட்ரஜன் அணு வந்து விழுவது சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்று என்ற வேகத்தில்தான். மேகத்துக்கு அவசரமில்லை; அதன் கையில் லட்சக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன. வினையில் வெளிப்படும் ஆற்றலைத் துகளே வாங்கிக்கொள்கிறது.

முதலில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து துகளின் மேல் நீர்ப்பனியாகப் படிகின்றன. மேகம் மேலும் அடர்ந்து குளிரும்போது, வாயுவில் ஏராளமாக இருக்கும் கார்பன் மோனாக்சைடு நீர்ப்பனிக்கு மேல் இன்னொரு அடுக்காக உறைகிறது. அது உறைவதற்கு சுமார் மைனஸ் 253 டிகிரி வேண்டும். கரிம வேதியியலின் கதை இந்த மேலடுக்கில்தான் நடக்கிறது.

கார்பன் மோனாக்சைடு மெத்தனால் ஆகிறது

உறைந்த கார்பன் மோனாக்சைடின் மேல் ஒரு ஹைட்ரஜன் அணு வந்து விழுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஃபார்மைல் என்ற துண்டு கிடைக்கும். இன்னொரு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தால் மெத்தனால். கார்பன் மோனாக்சைடிலிருந்து மெத்தனால் வரை நான்கே படிகள், ஒவ்வொரு படியிலும் ஒரு ஹைட்ரஜன்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முதல் படியையும் மூன்றாவது படியையும் கடக்க ஓர் ஆற்றல் தடை உண்டு. சாதாரணமாக வெப்பம்தான் அந்தத் தடையைத் தாண்ட வைக்கும். மைனஸ் 263 டிகிரியில் அதற்கு வழியே இல்லை. பள்ளியில் படித்த வேதியியலின்படி இந்த வினை நின்றுபோயிருக்க வேண்டும். ஆனால் நிற்கவில்லை. ஹைட்ரஜன் மிக இலேசான அணு என்பதால் குவாண்டம் இயற்பியல் அதற்கு வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. தடையின் மேல் ஏறிக் கடக்காமல், அதனூடாகவே மறுபக்கம் போய்ச் சேர்வதற்கு ஒரு சிறு நிகழ்தகவு உண்டு. இதைக் குவாண்டம் ஊடுருவல் என்கிறார்கள். சிறு நிகழ்தகவு போதும், ஏனென்றால் பனியில் ஒட்டிய ஹைட்ரஜனுக்கு முயன்றுகொண்டே இருக்க நேரம் இருக்கிறது.

இது காகிதத்தோடு நின்றுவிட்ட கணக்கு அல்ல. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் இதே நிலைமையை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். உறைகுளிரில் வைத்த பனியின் மேல் ஹைட்ரஜன் அணுக்களைப் பாய்ச்சினார்கள். ஃபார்மால்டிஹைடும் மெத்தனாலும் உருவாவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். வெப்பம் இல்லாவிட்டால் வேதியியல் இல்லை என்ற நம் உள்ளுணர்வை அது ஒரே அடியில் உடைக்கிறது.

மெத்தனாலைவிடப் பெரியவை எப்படி வருகின்றன? அந்த நான்கு படிகளின் இடையில் தோன்றும் அரைகுறைத் துண்டுகளைக் கவனியுங்கள். பிணைப்பு ஒன்று காலியாக இருக்கும் இப்படிப்பட்ட துண்டுகளைத் தனியுறுப்புகள் என்பார்கள். எதோடாவது சேர அவை துடித்துக்கொண்டிருக்கும். விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்களும், அவை மேகத்துக்குள் தூண்டிவிடும் புற ஊதா ஒளியும் முழு மூலக்கூறுகளை உடைத்து இன்னும் பல தனியுறுப்புகளை உண்டாக்குகின்றன. இரண்டு தனியுறுப்புகள் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டால் தடை ஏதுமின்றி இணைந்துவிடும். ஃபார்மைல் துண்டு ஒரு வகை மெத்தனால் துண்டோடு சேர்ந்தால் மெத்தில் ஃபார்மேட்; இன்னொரு வகைத் துண்டோடு சேர்ந்தால் கிளைக்கோலால்டிஹைடு. நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்தில் செய்த சோதனைகளில் புற ஊதா ஒளி இல்லாமலே, ஹைட்ரஜன் சேர்ப்பதால் மட்டுமே கிளைக்கோலால்டிஹைடு கிடைத்திருக்கிறது.

எல்லாமே பனியில்தான் உருவாகின்றன என்று சொல்லிவிடவும் கூடாது. சில மூலக்கூறுகள், குறிப்பாக ஃபார்மமைடு போன்றவை, பனியிலிருந்து வெளிவந்த எளிய பொருள்கள் வாயுநிலையில் வினைபுரிவதாலும் உருவாகலாம். எதில் எவ்வளவு என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. இருந்தாலும் மெத்தனால் விஷயத்தில் விவாதத்துக்கு இடமில்லை. வாயு வினைகளால் அவ்வளவு மெத்தனாலை உண்டாக்கவே முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். விண்மீன் பிறப்பதற்கு முன்பே, தூசுத் துகள்களின் மேல் படிந்த பனியில், கடுங்குளிரில் கரிம மூலக்கூறுகள் சேர்ந்துவிடுகின்றன. அப்போது அவை ரேடியோ தொலைநோக்கியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விண்மீன் சூடேறும்போது

மேகத்தின் ஓர் அடர்ந்த பகுதி தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரிகிறது. நடுவில் ஒரு பந்து திரண்டு சூடேறுகிறது. அணுக்கரு இணைவு இன்னும் தொடங்காத, சுற்றியுள்ள பொருளை இழுத்து வளர்ந்துகொண்டிருக்கும் இந்த நிலைதான் முன்விண்மீன். அதன் வெப்பம் வெளியே பரவப் பரவ, சுற்றியுள்ள தூசும் சூடாகிறது. மைனஸ் 173 டிகிரி அளவை எட்டும்போது நீர்ப்பனி பதங்கமாகிறது. அதோடு உள்ளே சிறைப்பட்டிருந்த எல்லாம் வாயுவாக வெளியே கொட்டுகிறது.

சூரியனைப் போன்ற ஒரு முன்விண்மீனைச் சுற்றி இப்படிச் சூடாகும் பகுதி மிகச் சிறியது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் சில பத்து மடங்கு அகலம்தான். ஓரியன் நெபுலாவில் உள்ளது போன்ற பெரிய விண்மீன்களைச் சுற்றி இதே பகுதி மிகப் பெரிதாக இருக்கும். அதனால் அவைதான் முதலில் அகப்பட்டன. சூரியனைப் போன்றவற்றில் மிகவும் புகழ்பெற்றது ஐராஸ் 16293-2422. ஒஃபியுக்கஸ் பகுதியில் சுமார் 460 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இதில் சிக்கலான கரிம மூலக்கூறுகள் இருப்பது 2003 இல் தெரிந்தது. 2012 இல் கிளைக்கோலால்டிஹைடும் அகப்பட்டது.

குளிரில் பிறந்ததற்குச் சாட்சி

"பனியில் உருவானது என்பதை நம்பலாம், ஆனால் கண்ணால் பார்த்தவர் யார்?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு மூன்று திசைகளிலிருந்து பதில் கிடைக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்பதுதான் இதில் வலுவான விஷயம்.

ஒன்று டியூட்டிரியம். இது ஹைட்ரஜனின் கனமான வடிவம். கருவில் ஒரு நியூட்ரான் கூடுதல். பிரபஞ்சத்தில் பொதுவாக ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றிரண்டு டியூட்டிரியம்தான் இருக்கும். ஆனால் கடுங்குளிரில் நிலைமை மாறுகிறது. டியூட்டிரியம் சற்று இறுக்கமாகப் பிணைவதால், ஒரு முறை மூலக்கூறுக்குள் புகுந்துவிட்டால் திரும்பி வெளியேறத் தேவையான ஆற்றல் அந்தக் குளிரில் கிடைப்பதில்லை. எனவே அது மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். வெப்பம் கூடினால் இந்தச் சாய்வு மறைந்துவிடும். ஐராஸ் 16293-2422 இன் மெத்தனாலில் டியூட்டிரியம் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் இருக்கிறது. அதாவது இயல்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். இப்போது அந்த வாயு சூடாக இருக்கிறது. அதன் அணுக்கணக்கோ அது குளிரில் பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாவது, விண்மீனே இல்லாத இடம். எல் 1689 பி என்ற குளிர்ந்த மேகக்கருவின் நடுவில் இன்னும் எந்த விண்மீனும் தோன்றவில்லை. அங்கேயும் மெத்தில் ஃபார்மேட், டைமெத்தில் ஈதர், அசிட்டால்டிஹைடு ஆகியவை வாயுவாகச் சிறிதளவு இருப்பது 2012 இல் தெரியவந்தது. வெப்பம் இல்லாமல் பனியிலிருந்து எப்படி வெளிவந்தன? வினை நடக்கும்போது வெளிப்படும் ஆற்றலே சில மூலக்கூறுகளை உதைத்து வெளியே தள்ளியிருக்கலாம், காஸ்மிக் கதிர் மோதியிருக்கலாம், அல்லது ஏற்கெனவே வெளிவந்த எளிய பொருள்களிலிருந்து வாயுவிலேயே உருவாகியிருக்கலாம். எப்படியானாலும், விண்மீனின் வெப்பத்துக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்றாவது, பனியையே பார்ப்பது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கிறது. முன்விண்மீனிலிருந்து வரும் அந்த ஒளி பனி படிந்த தூசின் வழியாக வரும்போது, ஒவ்வொரு பனியும் தனக்கே உரிய நிறங்களை விழுங்கிவிடுகிறது. எத்தனால், அசிட்டால்டிஹைடு போன்றவை பனியாகவே இருப்பதற்கான தடயங்கள், சூரியனைப் போன்ற ஒரு முன்விண்மீனிலும் பெரிய முன்விண்மீன் ஒன்றிலும் இப்படிக் கிடைத்தன. 2024 இல் வெளியாயின.

மூலக்கூறுக்குப் பெயர் வைப்பது எப்படி?

வாயுவில் மிதக்கும் மூலக்கூறு சுழல்கிறது. ஆனால் இஷ்டப்பட்ட வேகத்தில் அல்ல; குறிப்பிட்ட சில வேகங்கள்தான் அனுமதி. ஒரு வேகத்திலிருந்து குறைந்த வேகத்துக்கு இறங்கும்போது துல்லியமான ஓர் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை உமிழ்கிறது. இந்த அதிர்வெண்களின் வரிசையை நிறமாலை என்கிறோம்; ஒவ்வோர் அதிர்வெண்ணும் அதில் ஒரு கோடு. மூலக்கூறின் வடிவம் மாறினால் வரிசையும் மாறிவிடும். மெத்தில் ஃபார்மேட், அசிட்டிக் அமிலம், கிளைக்கோலால்டிஹைடு மூன்றிலும் அதே எட்டு அணுக்கள்தான்: இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். அடுக்கிய விதம் மட்டும் வேறு. ஆனாலும் சுழற்சி வேறுபடுவதால் மூன்றையும் நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து பிரித்தறிய முடிகிறது.

இதற்கு இன்று தலைசிறந்த கருவி சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா. 66 அலைவாங்கிகள் ஒரே தொலைநோக்கியாகச் சேர்ந்து இயங்குகின்றன. காற்றிலுள்ள நீராவி இந்த அலைகளை உறிஞ்சிவிடும் என்பதால்தான் அவ்வளவு உயரமும் வறட்சியும் தேவைப்பட்டன.

வளரும் வட்டுகளும் வால்மீன்களும்

முன்விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசும் ஒரு தட்டையான வட்டாகச் சுழல்கின்றன. கோள்கள் உருவாவது அங்கேதான். அதனால் மூலக்கூறுகள் வட்டுக்குள் போய்ச் சேர்கின்றனவா என்பது முக்கியமான கேள்வி. ஆனால் அமைதியான வட்டில், விண்மீனை ஒட்டிய மிகச் சிறிய பகுதி தவிர மற்றெல்லாம் உறைந்தே கிடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது.

ஓரியன் பகுதியில் சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள வி883 ஓரியோனிஸ் இதற்கு நல்ல வாய்ப்பைக் கொடுத்தது. அந்த இளம் விண்மீன் திடீரெனப் பலமடங்கு ஒளிர்ந்து, வட்டின் பனி எல்லையை, அதாவது நீர் பனியாக உறையத் தொடங்கும் இடத்தை, வெகுதூரம் வெளியே தள்ளிவிட்டது. 2019 இல் ஆல்மா பார்த்தபோது மெத்தனால், அசிட்டோன், அசிட்டால்டிஹைடு, மெத்தில் ஃபார்மேட், அசிட்டோநைட்ரைல் ஐந்தும் வட்டில் தெரிந்தன.

நம் சூரியனைச் சுற்றி இருந்த வட்டின் மிச்சங்கள்தான் வால்மீன்கள். ரோசெட்டா விண்கலம் ஆய்வு செய்த 67பி வால்மீனில் உள்ள கரிமப் பொருள்களின் விகிதங்கள், ஐராஸ் 16293-2422 இல் காணும் விகிதங்களோடு பல இடங்களில் ஒத்துப்போகின்றன. சூரியன் பிறப்பதற்கு முந்தைய பனியின் ஒரு பகுதி அதிகம் மாறாமல் வால்மீனுக்குள் வந்துசேர்ந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

சுருங்கச் சொன்னால்: இருண்ட மேகத்தின் பனி, முன்விண்மீனின் சூடான உள்பகுதி, கோள்கள் பிறக்கும் வட்டு, வால்மீன். நான்கிலும் ஏறத்தாழ ஒரே வகை மூலக்கூறுகள்.

அப்படியானால் உயிர்?

மெத்தனாலுக்கும் உயிருள்ள செல்லுக்கும் இடையே உள்ள தூரம் மிக மிக அதிகம். இந்த மூலக்கூறுகள் உயிரின் அடையாளம் அல்ல. உயிருக்குத் தேவையான மூலப்பொருள்களில் சில, எந்த உயிரின் உதவியும் இல்லாமல், விண்மீன் பிறக்கும் இடங்களில் வழக்கமாகவே கிடைக்கின்றன என்பதைத்தான் அவை சொல்கின்றன. எனக்கு இதுவே போதுமான வியப்பு. அதற்கு மேல் ஏற்றிச் சொல்லும்போது உண்மையான கண்டுபிடிப்பு மறைந்துபோகிறது.

புரதங்களின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்கள் வரை இந்த வேதியியல் போகிறதா? 67பி வால்மீனில் மிக எளிய அமினோ அமிலமான கிளைசின் இருப்பது 2016 இல் அறிவிக்கப்பட்டது. பென்னு என்ற சிறுகோளிலிருந்து பூமிக்குக் கொண்டுவந்த மாதிரிகளில், உயிரினங்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025 இல் முடிவுகள் வந்தன. ஆனால் பென்னு உடைந்து வந்த பெரிய சிறுகோளில் ஒரு காலத்தில் திரவ நீர் இருந்தது. அவற்றில் பல அந்த நீரில் பிற்பாடு உருவாகியிருக்கலாம். விண்மீன் பிறக்கும் மேகத்துக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது.

முன்விண்மீன்களைச் சூழ்ந்த வாயுவிலோ கிளைசின் இன்றுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டதாக 2003 இல் ஒரு குழு அறிவித்தது. கிளைசின் இருந்தால் கட்டாயம் தெரிய வேண்டிய வேறு சில கோடுகள் அங்கே இல்லை என்று 2005 இல் இன்னொரு குழு காட்டியது. பத்து அணுக்கள் கொண்ட மூலக்கூறு என்பதால் அதன் ஒளி ஏராளமான கோடுகளாகச் சிதறி, ஒவ்வொன்றும் மங்கலாகிவிடுகிறது. மெத்தனாலும் மெத்தில் ஃபார்மேட்டும் உமிழும் பலமான கோடுகள் அவற்றை மூடிவிடுகின்றன. ஒரு மூலக்கூறை உறுதிப்படுத்த ஒரு கோடு போதாது. பல கோடுகள் சரியான அதிர்வெண்ணிலும் சரியான பலத்திலும் பொருந்த வேண்டும். எதிர்பார்த்த ஒன்றுகூட விடுபடக் கூடாது. அதற்கு அந்த மூலக்கூறின் நிறமாலையை யாராவது முன்பே ஆய்வகத்தில் அளந்து வைத்திருக்க வேண்டும். ஆல்மாவின் பதிவுகளில் பெயர் தெரியாத கோடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு உரிய அளவீடு இனிமேல்தான் நடக்க வேண்டும்.